பழைய விபி 6ம் கையெழுத்து வைக்கும்

சுன்னாகத்தில ஒரு ஹாட்வெயார் கடை, சீமெந்து, பெயின்ட், பிவிசி பைப் எல்லாம் விக்கிற இடம். அங்க இண்டைக்கும் பில் அடிக்கிறது விஷுவல் பேசிக் 6 (சுருக்கமா விபி 6) எண்ட புரோகிராம் மொழியில எழுதின சொஃப்ட்வெயாரிலதான். 1998ல வந்த மொழி, அதில புரோகிராம் எழுதிற கருவிக்கான சப்போட்டை மைக்ரோசொஃப்ட் 2008ஓட நிப்பாட்டிட்டுது, ஆனா அதில எழுதின புரோகிராம் விண்டோஸ் 10ல நல்லாத்தான் ஓடுது. போன மாசம் கடைக்கார அண்ணை கூப்பிட்டு, "தம்பி, பில் போட்ட உடன சாமான் வாங்கின ஆளுக்கு தமிழில எஸ்எம்எஸ் போகவேணும், ஏலுமோ?" எண்டு கேட்டவர். ஏலும் அண்ணை எண்டு சொல்லிட்டு வந்தனான். எஸ்எம்எஸ் அனுப்பித் தாற சேவை ஒரு நிபந்தனை வச்சிருந்தது: ஒவ்வொரு ரிக்வெஸ்டோடயும் எச்மேக் எண்ட, கணக்கால உருவாக்கிற கையெழுத்து வரவேணும், பிழைச்சால் 401 எண்டு திருப்பி அனுப்பும்.

இந்தக் கையெழுத்து நாங்கள் பேனையால வைக்கிற மாதிரி இல்லை. நொத்தாரிசு காணி உறுதியில வைக்கிற கையெழுத்து எல்லா உறுதியிலயும் ஒரே மாதிரித்தான் இருக்கும், ஆரும் 2 பரப்பு எண்டதுக்கு முன்னால ஒரு 1ஐ போட்டு 12 பரப்பு ஆக்கினாலும் கையெழுத்து அசையாது. எச்மேக்கில எழுதியிருக்கிற விசயமும் ரகசியக் கீயும் கலந்துதான் கையெழுத்தே உருவாகுது, அதால ஒரு புள்ளி மாறினாலும் கையெழுத்து முழுசா வேற ஒண்டா வரும். கீ எங்களிட்டயும் சேவரிட்டயும் மட்டும் இருக்கு, அது வயரில போறதே இல்லை. சேவர் தன்ர கீயால அதே கணக்கைச் செய்து பாக்கும், ரெண்டும் ஒத்து வந்தால் உள்ள விடும்.

கணக்கு இதுதான். ஷா-256 எண்ட ஹாஷ், எவ்வளவு நீளமான விசயத்தைக் குடுத்தாலும் 32 பைட்டாச் சுருக்கித் தரும், அதில இருந்து பழைய விசயத்தைத் திருப்பி எடுக்கேலாது. முதல் கீயை 64 பைட்டுக்கு நிரப்பவேணும், 20 பைட் கீ எண்டால் பின்னால 44 பூச்சியம், 64ஐ விடக் கூடினால் அதையே ஒருக்கா ஹாஷ் பண்ணிப்போட்டு நிரப்பவேணும். பேந்து ஒவ்வொரு பைட்டையும் 54ஓட எக்ஸோர் பண்ணுறது, அதாவது ரெண்டு எண்ணின்ர பிட்டுகளையும் ஒப்பிட்டு, வேற வேறயா இருக்கிற இடத்தில 1, ஒரே மாதிரி இருக்கிற இடத்தில 0 போடுறது. கீயில 75 எண்டொரு பைட் இருந்தால் அது 125 ஆகும். அதுக்குப் பின்னால மெசேஜைச் சேத்து ஹாஷ் பண்ணுறது. பிறகு அதே கீயை 92ஓட எக்ஸோர் பண்ணி, இந்த முறை அந்த 75 வந்து 23 ஆகும், அதுக்குப் பின்னால முதல் வந்த 32 பைட்டையும் ஒட்டி இன்னொருக்கா ஹாஷ். அவ்வளவுதான், முடிஞ்சுது.

கீயையும் மெசேஜையும் ஒட்டி ஒரே தரம் ஹாஷ் பண்ணினால் போதாதோ எண்டு கேப்பியள். போதாது. ஷா-256 மெசேஜைத் துண்டு துண்டா விழுங்கிக்கொண்டு போற சாமான், கடைசியா வாற விடைதான் அதின்ர உள்நிலையும், அதால கீ தெரியாத ஒருத்தர்கூட அந்த விடையில இருந்து தொடங்கி மெசேஜின்ர வாலில தனக்கு வேண்டியதை ஒட்டி சரியான கையெழுத்தை எடுத்துப்போடலாம். 2009ல ஃப்ளிக்கர் எண்ட படம் பகிர்ற தளத்தின்ர ஏபிஐயில (மற்றப் புரோகிராமுகள் அதோட பேசிற வழியில) இதே ஓட்டையை ரெண்டு ஆராய்ச்சியாளர் காட்டினவை, அங்க இருந்தது எம்டி5 எண்ட வேற ஹாஷ், ஆனா குறை இதேதான். வெளிப்பக்கம் இன்னொரு ஹாஷால மூடினவுடன அந்த வழி அடைபட்டுப் போகுது. பெல்லாரே, கனெட்டி, க்ராவ்சிக் எண்ட மூண்டு பேர் 1996ல யோசிச்சு வச்ச அமைப்பு, எனக்கு இதைப் பாக்கேக்க எல்லாம் ஒரு மரியாதை வரும், இவ்வளவு சின்ன வேலையால இவ்வளவு பெரிய அடைப்பு.

இப்ப விபி 6க்கு வருவம். ஷா-256 உள்ளுக்கு 32 பிட் எண்களைக் கூட்டிக் கூட்டி, நிரம்பி வழியிறதை வெட்டி எறியும். விபி 6ல லோங் எண்டது குறியோட வாற 32 பிட், 2147483647க்கு மேல போகாது, 2000000000ஓட 200000000ஐக் கூட்டினால் ஓவர்ஃப்ளோ எண்டு புரோகிராம் நிண்டிடும். பிட்டைத் தள்ளுற ஒப்பரேட்டரும் இல்லை, பெருக்கியும் வகுத்தும்தான் தள்ளவேணும். எண்ணை ரெண்டு பாதியா உடைச்சுக் கூட்டி எழுதினால் ஓடும், ஆனா விண்டோஸோடயே வாற பிகிரிப்ட் டிஎல்எல் எண்ட ஃபைல் உதெல்லாம் தானே செய்து தரும், விபி 6ல டிக்ளேர் எண்டொரு வரி போட்டுக் கூப்பிட்டால் சரி. அதைத்தான் செய்தனான்.

பில் நம்பரும் காசும் மட்டும் வச்சு ரெஸ்ற் பண்ண, சேவர் உடன ஏற்றுக்கொண்டுது. கஸ்டமர் பேரைச் சேத்தன், 401. ரெண்டு நாள் இதோடயே இருந்தனான்.

காரணம் எங்கட எழுத்துத்தான். அந்தக் கடை டேட்டாபேஸில பேர் எல்லாம் பாமினி ஃபொன்ட்டில கிடக்கு, அது ஆங்கில எழுத்துகளைத் தமிழ் மாதிரிக் காட்டுற பழைய ஃபொன்ட். பாமினியில "யாழ்" எண்டு கண்ணுக்குத் தெரியிறது உள்ளுக்கு மூண்டு ஆங்கில எழுத்தும் ஒரு அரைப்புள்ளியும், 97, 104, 111, 59, மொத்தம் 4 பைட். எஸ்எம்எஸ்சுக்காக அதை, எல்லா மொழி எழுத்துக்கும் தனித்தனி எண் குடுக்கிற யுனிகோட்டுக்கு மாத்தினன், இப்ப விபி 6ன்ர மெமரியில அது 8 பைட். கையெழுத்துப் போட வழக்கமான ஸ்ட்ரிங் மாத்திற ஃபங்ஷனுக்குக் குடுத்தன், அது விண்டோஸின்ர பழைய ஆங்கிலக் கோட்பேஜுக்கு (எழுத்து அட்டவணைக்கு) மாத்தப் பாத்து, தமிழ் இல்லை எண்டதால நாலு கேள்விக்குறியைத் தந்திட்டுது, 63, 63, 63, 63. வயரில போனது யுடிஎஃப்-8, யுனிகோட் எழுத்தைப் பைட்டா எழுதிற ஒரு முறை, அதில "ய" மட்டும் 224, 174, 175 எண்டு மூண்டு பைட், முழுச்சொல்லு 12 பைட். நான் கையெழுத்து வச்சது கேள்விக்குறிக்கு, சேவர் பாத்தது தமிழை, எப்பிடி ஒத்து வரும்?

பேந்து ஏடிஓ ஸ்ட்ரீம் எண்ட விண்டோஸ் கருவியால யுடிஎஃப்-8 ஆக்கினன், அப்பவும் 401. அது முன்னுக்கு 239, 187, 191 எண்டு மூண்டு அடையாளப் பைட்டை ஒட்டிவிடுது, 12 இல்லை 15. அந்த மூண்டையும் தாண்டி வாசிச்சு, வந்த பைட் வரிசையை ஒரே ஒரு வேரியபிளில வச்சு, கையெழுத்தும் அதுக்கே, அனுப்பினதும் அதையே. திருப்பி ஸ்ட்ரிங் ஆக்கவே கூடாது.

அதுக்குப் பிறகு நேரம் இடிச்சுது. ஆரும் பழைய ரிக்வெஸ்டைப் பிடிச்சு வச்சுத் திருப்பி அனுப்பாம இருக்க, 1970ல இருந்து எத்தினை செக்கன் எண்ட எண்ணையும் கையெழுத்துக்க சேக்கவேணும். விபியின்ர நௌ எண்ட ஃபங்ஷன் தாறது இலங்கை நேரம், அஞ்சரை மணித்தியாலம் முன்னுக்கு, அதாவது 19800 செக்கன். சேவருக்கு எங்கட பில் வருங்காலத்தில இருந்து வாற மாதிரி. கெட்சிஸ்டம்டைம் எண்ட விண்டோஸ் ஃபங்ஷன் உலக நேரத்தைத் தரும், அதைப் போட்ட உடன 200, அதாவது எல்லாம் சரி எண்ட பதில், வந்திட்டுது, தமிழ்ப் பேரோட.

கீயை மட்டும் கோட்டுக்குள்ள எழுதேல்லை. எழுதினால் புரோகிராம் ஃபைலான ஈஎக்ஸ்ஈயை, பைட்டுகளை அப்பிடியே காட்டுற ஹெக்ஸ் எடிட்டரில திறக்கிற ஆருக்கும் அப்பிடியே தெரியும். விண்டோஸின்ர டேட்டா புரொடெக்ஷன் எண்ட வசதியால பூட்டி வச்சிருக்கிறன், அந்தப் பூட்டு அந்தந்த மெஷினிலதான் திறக்கும், அதால கடையில இருக்கிற மூண்டு கொம்பியூட்டரிலயும் அண்ணையைப் பக்கத்தில இருத்தி ஒவ்வொருக்கா கீயை அடிச்சுக் குடுத்திட்டு வந்தனான்.