வாந்தி எடுத்தால்தான் பயிற்சியா?

"சார், தண்ணீர் நிறையக் குடிக்கிறேன். ஆனாலும் சிறுநீர் பால் கலக்காத தேநீர் நிறத்தில் போகிறது."

தொலைபேசியில் இப்படிச் சொன்னவன் பதினேழு வயது ஓட்டக்காரன். இரண்டு வார விடுமுறை முடிந்த முதல் நாள், பயிற்சிக்கு ஐந்து நிமிடம் தாமதம். தண்டனை, இருநூறு ஸ்குவாட், அதாவது முழங்கால் மடக்கி உட்கார்ந்து எழுவது. முடித்துவிட்டான். மறுநாள் மாடிப்படி இறங்க முடியவில்லை. மூன்றாம் நாள் தொடை வீங்கிக் கல்லாக இறுகிவிட்டது. அன்றே மருத்துவமனையில் சேர்த்து, ரத்தக்குழாய் வழியாகத் திரவம் ஏற்றினார்கள். நல்லவேளை, சிறுநீரகம் தப்பியது.

இதற்கு ராப்டோமயோலிசிஸ் என்று பெயர். அளவுக்கு மீறி வேலை வாங்கப்பட்ட தசை சிதைந்து, அதிலுள்ள மயோகுளோபின் என்ற புரதம் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும். சிறுநீர் கருப்பது அதனால்தான். 2011 ஜனவரியில் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் 13 வீரர்கள் இதே கோளாறோடு மருத்துவமனையில் கிடந்தார்கள். விடுமுறை முடிந்து வந்தவர்களிடம், தூக்கக்கூடிய உச்ச எடையில் பாதியைத் தோளில் ஏற்றி 100 ஸ்குவாட் செய்யச் சொன்னதுதான் காரணம். உடல் தகுதியில் அவர்கள் சோடை போனவர்கள் அல்லர். ஓய்விலிருந்த தசைக்குப் பழைய தாங்குசக்தி உடனே திரும்பிவிடாது, அவ்வளவுதான். உட்காரும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே எடையைத் தாங்குகிறது. அதிகம் சேதமாவது அந்த இறக்கத்தில்தான். ஆகவே விடுமுறைக்குப் பிந்தைய முதல் வாரத்தில் பழைய அளவில் பாதி போதும். நான் அதற்கும் குறைவாகவே கொடுக்கிறேன்.

அந்தப் பையனுக்குத் தண்டனை கொடுத்த பயிற்சியாளரைக் கொடுமைக்காரர் என்று சொல்ல மாட்டேன். களைப்பு உடனே கண்ணுக்குத் தெரிகிறது. முன்னேற்றம் தெரிய மாதங்கள் ஆகின்றன. பெற்றோர் வேலியோரம் நின்று பார்க்கும்போது எதைக் காட்டுவது? என் ஆரம்ப நாட்களில் பயிற்சிக்கூடத்தின் மூலையில் ஒரு வாளி வைத்திருந்தேன், வாந்தி எடுப்பவர்களுக்காக. அதில் எனக்குப் பெருமை வேறு. ஒருவனைக் களைப்படையச் செய்ய எந்தத் திறமையும் வேண்டாம் என்பது உறைக்கச் சில ஆண்டுகள் ஆயின.

இப்போது யாராவது காயத்தோடு வந்தால் முதலில் பயிற்சிக் குறிப்பேட்டைத்தான் கேட்கிறேன். பெரும்பாலும் இருப்பதில்லை. ஒருமுறை வந்த நோட்டில் எடையும் இல்லை, எண்ணிக்கையும் இல்லை. பக்கத்துக்குப் பக்கம் "இன்று நன்றாக வேலை வாங்கப்பட்டது" என்று மட்டும் எழுதியிருந்தது. குண்டு எறிபவளுக்கும் நெடுந்தொலைவு ஓடுபவனுக்கும் ஒரே அட்டவணையின் நகலைக் கொடுத்ததையும் பார்த்திருக்கிறேன்.

"வலித்தால் நல்லது, லாக்டிக் அமிலம் வெளியேறுகிறது" என்பார்கள். அந்த அமிலம் பயிற்சி முடிந்து ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் அடங்கிவிடும். மறுநாளும் அதற்கடுத்த நாளும் உச்சத்துக்குப் போகும் வலி வேறு. பழகாத வேலையால் தசையில் நேர்ந்த நுண்ணிய சேதம் அது. அதை மதிப்பெண்ணாக எண்ணக் கூடாது.

இவற்றையெல்லாம்விட என்னைப் பயமுறுத்துவது "நடிக்கிறான்" என்ற சொல். வெயிலில் ஓடியவன் தடுமாறினாலோ உளறினாலோ அது வெப்பத்தாக்காக இருக்கலாம். உடலின் உள்வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டியிருக்கலாம். ஆம்புலன்ஸை அழைத்துவிட்டு, அது வரும்வரை காத்திராமல் கழுத்தளவு குளிர்ந்த நீரில் இருத்துங்கள், தலையை யாராவது பிடித்துக்கொள்ளட்டும். முதலில் குளிர்விப்பது, பிறகுதான் கொண்டு செல்வது. மைதானத்தில் அதற்கொரு தொட்டி இருக்கிறதா என்று பிள்ளையைச் சேர்க்கும் அன்றே கேளுங்கள். கேட்டால் முகம் சுளிக்கும் இடம் வேண்டாம்.

அந்தப் பையன் மருத்துவரின் அனுமதி பெற்றுச் சில வாரங்கள் கழித்து வந்தான். முதல் நாள் எடை ஏதுமின்றி எட்டு ஸ்குவாட், இரண்டு முறை. நோட்டில் எழுதச் சொன்னேன். எழுதிவிட்டு நிமிர்ந்து, "இவ்வளவுதானா சார்?" என்றான்.

"இன்றைக்கு இவ்வளவுதான்."