கோவேலன்ட் பாண்ட்: சகப்பிணைப்பா, பங்கீட்டுப் பிணைப்பா?

அணுக்கள் எலக்ட்ரான்களைப் பங்கிட்டுச் சேரும் பிணைப்புதான் 'கோவேலன்ட் பாண்ட்'; அதைத் தமிழில் எப்படிச் சொல்வது? 'கோவேலன்ட்' என்ற சொல்லின் நடுவே இருப்பது இலத்தீன் 'வேலன்ஷியா'. வலிமை, திறன் என்று பொருள். ஓர் அணு எத்தனை பிணைப்புக்கு இடம் கொடுக்கும் என்பதை அதன் திறனாகப் பார்த்து வேலன்சி என்றார்கள். முன்னால் 'கோ' சேர்ந்தால் கூட்டு. 1919இல் 'கோவேலன்ஸ்' என்று பெயர் வைத்தவர் வேதியியலாளர் இர்விங் லாங்மியூர். கருத்து அதற்கும் மூத்தது. இரண்டு அணுக்கள் ஓர் இணை எலக்ட்ரானைப் பொதுவில் வைத்துக்கொள்கின்றன என்று இன்னொரு வேதியியலாளர் கில்பர்ட் லூயிஸ் 1916இலேயே எழுதிவிட்டார்.

தமிழ்நாட்டுப் பாடநூல்களில் இது சகப்பிணைப்பு. இலங்கையில் பங்கீட்டு வலுப்பிணைப்பு. 'வலு' இலத்தீன் சொல்லின் பொருளை அப்படியே பிடிக்கிறது. (ஒலியும் ஒத்துவருகிறதே என்று இரண்டும் ஒரே வேர் என்று சொல்லிவிடக் கூடாது.) 'சக' என்றால் உடன். சோடியமும் குளோரினும் கூடத்தான் உப்பில் உடனிருக்கின்றன. ஆனால் அங்கே எலக்ட்ரான் கைமாறிவிடுகிறது, இரண்டும் மின்னூட்டம் பெற்ற அயனிகளாகிவிடுகின்றன, அது அயனிப் பிணைப்பு. இரண்டையும் பிரித்துக் காட்டுவது 'பங்கீடு' என்ற சொல்தான். அதனால் என் தேர்வு பங்கீட்டுப் பிணைப்பு.

இந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டால் மூலக்கூறின் வடிவமும் விளங்கிவிடும். நீரை எடுத்துக்கொள்வோம். ஆக்சிஜனின் வெளிக்கூட்டில் 6 எலக்ட்ரான்கள். இரண்டு ஹைட்ரஜன்கள் ஆளுக்கு ஒன்று கொண்டுவர, மொத்தம் 8, அதாவது நான்கு இணை. இரண்டு பங்கிட்ட இணை, இரண்டு பங்கிடாத இணை. 'லோன் பேர்' என்பதைத் தனித்த இணை என்றும் சொல்கிறார்கள்; எனக்குப் பங்கிடாத இணை என்பதே பிடிக்கும். நான்கும் ஒன்றையொன்று விலக்கி நான்முகியின் (நான்கு முக்கோண முகங்கள் கொண்ட வடிவம்) மூலைகளை நோக்கிப் போகின்றன. சரியான நான்முகி என்றால் கோணம் 109.5 பாகை. ஆனால் பங்கிடாத இணையை ஒரே ஒரு அணுக்கரு இழுத்து வைத்திருப்பதால், அது அதன் அருகிலேயே பருத்து நின்று மற்றவற்றை நெருக்குகிறது. கோணம் 104.5 ஆகச் சுருங்குகிறது. நீர் வளைந்திருப்பது இதனால்தான். கார்பன் டை ஆக்சைடில் நடுக் கார்பனிடம் பங்கிடாத இணையே இல்லை; இரண்டு பக்கப் பிணைப்புகள் மட்டும் விலகி எதிரெதிரே நிற்பதால் அது நேர்கோடு.

அம்மோனியாவில் பங்கிடாத இணை ஒன்று இருக்கிறது, கோணம் சுமார் 107. எலக்ட்ரானே இல்லாத ஒரு ஹைட்ரஜன் அயனி வந்தால் அந்த இணையை அம்மோனியா அதற்குத் தருகிறது. இதற்குத் தமிழில் ஈதல் பிணைப்பு என்று அழகான பெயர் ஏற்கெனவே உண்டு. கொடுத்தபின் நெருக்க யாரும் இல்லை. அம்மோனியம் அயனியில் கோணம் 109.5க்குத் திரும்பிவிடுகிறது.