ரேம் வாங்கும் முன் ஒரு தடவை பெட்டியைத் திறந்து பாருங்கள்

சேலம் செவ்வாய்ப்பேட்டை மொத்தக் கடைகளிலும் கொலுசுப் பட்டறைகளின் கணக்கு மேசையிலும் பெரிய சிபியு இருந்த இடத்தில் இப்போது மினி பிசிதான் அதிகம். இடமும் மிச்சம், கரண்டும் மிச்சம். அது மெதுவானதும் பலர் ரேமையும் (கம்ப்யூட்டர் வேலை செய்யும்போது பயன்படுத்தும் மெமரி) கையோடு வாங்கிக்கொண்டுதான் சர்வீஸுக்கே வருகிறார்கள். பாதிப் பேர் கொண்டுவருவது அந்தப் பெட்டிக்கு ஆகாத ரேம்.

டெஸ்க்டாப்தானே என்று நீளமான ரேமை வாங்கிவிடுகிறார்கள். இந்த வகைப் பெட்டிகளில் பெரும்பாலானவை எடுப்பது லேப்டாப்பில் போடும் குட்டி ரேம். அதிலும் டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5 என்று தலைமுறைகள் உண்டு; ஒவ்வொன்றிலும் ரேமின் ஓரத்திலுள்ள வெட்டு வேறு வேறு இடத்தில் இருக்கும். உட்காரவில்லை என்றால் அது வேறு ரகம்; பலம் காட்டாதீர்கள். டிடிஆர்3-இல் இன்னொரு வில்லங்கம் உண்டு. 1.5 வோல்ட் ரேமும் 1.35 வோல்ட் 'எல்' ரகமும் பார்வைக்கு ஒன்றுதான், ஸ்லாட்டிலும் உட்காரும். ஆனால் 1.35 மட்டுமே கேட்கும் மினி பிசியில் மற்றதைப் போட்டால் ஆன் ஆகாது. ஸ்டிக்கரில் 'எல்' இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். மேக் மினி வைத்திருப்பவர்கள் கடைக்கே அலைய வேண்டாம்: 2020-இல் ஆப்பிளின் எம்1 சிப் வந்ததிலிருந்து மெமரி அந்தச் சிப்போடு சேர்ந்தே வருகிறது, பிறகு ஏற்ற முடியாது.

சரி, ரேம்தான் பிரச்சினையா? வேலை நடக்கும்போதே கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறங்கள். மெமரி பாதிதான் நிரம்பியிருக்கிறது, டிஸ்க் மட்டும் 100 சதவீதத்தில் நிற்கிறது என்றால் குற்றவாளி பழைய ஹார்ட் டிஸ்க். அந்தக் காசுக்கு அதைவிட வேகமான எஸ்எஸ்டி டிஸ்க் போடுங்கள். மெமரி பக்கத்திலேயே எத்தனை ஸ்லாட், எத்தனை நிரம்பியிருக்கிறது என்பதும் தெரியும். 32 பிட் விண்டோஸ் என்றால் 4 ஜிபிக்கு மேல் போடுவது வீண். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத பெட்டி திரைக்கும் இதே மெமரியைத்தான் எடுத்துக்கொள்ளும். இரண்டு ரேம் இருந்தால் இரண்டிலிருந்தும் ஒரே நேரத்தில் எடுக்கலாம், வேகம் கூடும். ஆகவே 16 ஜிபி ஒன்றைவிட 8 ஜிபி இரண்டு நல்லது என்பேன்.

ஏற்காட்டு லாட்ஜ்களிலிருந்து வரும் பெட்டிகள் தனி ரகம். பனியும் ஈரமும் சேர்ந்து ரேமின் தங்க நிறப் பல் மங்கிப் போயிருக்கும். ஆன் ஆகும், திரையில் ஒன்றும் வராது. புது ரேம் வேண்டும் என்று யாராவது சொன்னால் அவசரப்படாதீர்கள். கழற்றி, பள்ளிக்கூட வெள்ளை ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகளைத் தட்டிவிட்டு மறுபடி போட்டால் பல சமயம் எழுந்துவிடும்.

நீங்களே மாட்டுவதானால் முதலில் அடாப்டரைப் பிடுங்கி, பவர் பட்டனைச் சில விநாடி அழுத்தி மிச்சமிருக்கும் கரண்டை இறக்குங்கள். பெட்டியின் உலோகத்தைத் தொட்டுவிட்டு, ரேமை ஓரத்தில் மட்டும் பிடியுங்கள். சாய்வாக உள்ளே தள்ளி, பல் அநேகமாக மறைந்த பிறகு கீழே அமுக்கினால் இருபக்கக் கொக்கியும் 'கிளிக்' என்று பிடிக்கும். அமுக்கியதும் திரும்ப எழும்பினால் உள்ளே முழுசாகப் போகவில்லை.

அப்புறம், புது ரேமோடு முதல் தடவை ஆன் செய்தால், முக்கியமாக டிடிஆர்5-இல், சில நிமிடம் திரை கறுப்பாகவே இருக்கலாம். பெட்டி புது மெமரியைப் பழகிக்கொள்கிற நேரம் அது. பதறி பிளக்கைப் பிடுங்காதீர்கள்.