சீருடையும் கட்சி அரசியலும்: தேசிய சேவையில் இருப்பவர்கள் எதைச் செய்யலாம், எதைத் தவிர்க்க வேண்டும்?

சிங்கப்பூரில் பொதுத்தேர்தல் நெருங்கினாலே நம் வீடுகளில் இந்தக் கேள்வி எழுந்துவிடும். "பையன் என்எஸ்ல (கட்டாய தேசிய சேவையில்) இருக்கான், ஓட்டுப் போடலாமா? பிரசாரக் கூட்டத்துக்குப் போனா ஏதும் பிரச்சினை வருமா?" ராணுவத்தில் இருப்பவன் அரசியல் பக்கமே தலைவைத்துப் படுக்கக் கூடாது என்பார் ஒரு மாமா. அதையெல்லாம் யார் பார்க்கிறார்கள் என்பார் இன்னொருவர். இரண்டு பேர் சொல்வதும் தவறு. முதலாமவர் பேச்சைக் கேட்டால் பிள்ளை தன் உரிமையை இழப்பான். இரண்டாமவர் பேச்சைக் கேட்டால் மேலதிகாரி முன் போய் நிற்க வேண்டி வரும்.

முதலில் வாக்கு. சிங்கப்பூரில் வாக்களிப்பது கட்டாயம். 21 வயது நிரம்பி, வாக்காளர் பதிவேட்டில் பெயர் உள்ள எந்தக் குடிமகனுக்கும் இது பொருந்தும். சீருடை அணிந்தவருக்கு விலக்கு கிடையாது. பெரும்பாலான பிள்ளைகள் 18 வயதில் சேவைக்குப் போவதால், இரண்டு ஆண்டு முழுநேர சேவை முடியும்வரை பலருக்கு வாக்களிக்கும் வயதே வந்திருக்காது. பலதுறைத் தொழிற்கல்லூரி முடித்துவிட்டுப் போகிறவர்களுக்குத்தான் சேவைக் காலத்திலேயே வாக்குரிமை வரும். அவர்கள் முகாமில் இருந்தாலும், பதிவேட்டில் உள்ள முகவரிப்படி ஒதுக்கப்பட்ட வாக்களிப்பு நிலையத்துக்குத்தான் போக வேண்டும். வாக்களிப்பு நாள் பொது விடுமுறை. அன்று கடமையில் இருப்பவர், எந்த நேரத்தில் போய் வரலாம் என்பதை முன்கூட்டியே மேலதிகாரியிடம் பேசி வைத்துக்கொள்வது நல்லது.

இதில் ஒரு பயத்தைத் தெளிவாகப் பேசியாக வேண்டும். வாக்குச்சீட்டில் வரிசை எண் இருக்கிறது, யாருக்குப் போட்டோம் என்று படைக்குத் தெரிந்துவிடும், பதவி உயர்வு போய்விடும் என்று இன்னமும் நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த எண் கள்ள வாக்கைத் தடுப்பதற்காக வைத்தது. எண்ணி முடித்ததும் சீட்டுகளை முத்திரையிட்டு உச்ச நீதிமன்றப் பெட்டகத்தில் ஆறு மாதம் வைத்திருந்து, பிறகு எரித்துவிடுகிறார்கள். எந்த அதிகாரியும் யாருக்கு வாக்களித்தாய் என்று கேட்க முடியாது. இவருக்குப் போடு என்று மிரட்டுவது நாடாளுமன்றத் தேர்தல் சட்டப்படி குற்றம்.

சரி, கட்டுப்பாடு எங்கே தொடங்குகிறது? ஒருவரின் கருத்து தனிப்பட்ட கருத்தாக இல்லாமல், படையின் கருத்தாகத் தெரியத் தொடங்கும் இடத்தில். சீருடை, பதவிப் பெயர், முகாம், படையின் சின்னம், அதிகாரி என்ற செல்வாக்கு, இவை எதையும் ஒரு கட்சிக்காகப் பயன்படுத்தக் கூடாது. சீருடையில் பிரசாரக் கூட்டத்தில் கலந்துகொள்வது, முகாமுக்குள் கட்சித் துண்டறிக்கை கொடுப்பது, தனக்குக் கீழே இருக்கும் வீரர்களிடம் வாக்குக் கேட்பது எல்லாம் இந்த வேலிக்குள் வரும். ஆயுதப் படைச் சட்டம் 1972 முதல் நடப்பில் இருக்கிறது. கட்டளையை மீறுவதும், ஒழுங்குக்குக் கேடாக நடப்பதும் அந்தச் சட்டப்படி குற்றங்கள். சிறிய மீறலை மேலதிகாரியே விசாரிப்பார். பெரியது ராணுவ நீதிமன்றத்துக்குப் போகும்.

நடைமுறையில் இது எப்படி வரும் என்று பாருங்கள். வெள்ளிக்கிழமை மாலை புக் அவுட் ஆகி, அதாவது முகாமிலிருந்து விடுப்பில் வெளியே வந்து, நம்பர் ஃபோர் எனும் பயிற்சிச் சீருடையோடு ஒரு தம்பி உணவங்காடியில் சாப்பிட உட்காருகிறான். வேட்பாளர் தொண்டர்களோடு மேசை மேசையாக வருகிறார். "தம்பி, எப்படி இருக்கீங்க? ஒரு படம் எடுத்துக்கலாமா?" என்கிறார். கை குலுக்கி வணக்கம் சொல்வது மரியாதை, அதில் ஒன்றும் இல்லை. படம்தான் சிக்கல். அது அடுத்த பத்து நிமிடத்தில் கட்சியின் பக்கத்தில் ஏறிவிடும். மார்பில் இருக்கும் பெயர்ப்பட்டை, பதவிச் சின்னம் எல்லாம் தெரியும். "மன்னிச்சுக்குங்க அண்ணே, யூனிஃபார்ம்ல இருக்கேன்" என்று சொன்னால் போதும். அனுபவமுள்ள எந்த வேட்பாளரும் வற்புறுத்த மாட்டார். அதே தம்பி வீட்டுக்குப் போய்க் குளித்து, டி-சட்டை போட்டுக்கொண்டு, இரவு விளையாட்டரங்கில் நடக்கும் கூட்டத்தில் ஓரமாக நின்று கேட்பது வேறு விஷயம். அங்கே அவன் ஒரு பார்வையாளன். மேடை ஏறுவது, கொடி பிடிப்பது, துண்டறிக்கை கொடுப்பது என்று அடுத்த படிக்குப் போனால் அவன் பார்வையாளனாக இருக்க மாட்டான்.

இணையம் இன்னும் வழுக்கலான இடம். முகப்புப் படத்தில் சீருடை, அறிமுக வரியில் பதவியும் படைப்பிரிவும், கீழே ஒரு கட்சியைப் புகழ்ந்தோ திட்டியோ பதிவு. எழுதியவர் என் சொந்தக் கருத்து என்றுதான் நினைப்பார். பார்ப்பவர் கண்ணுக்கு ஒரு ராணுவ வீரர் பேசுகிறார். பிளட்டூன் வாட்ஸ்அப் குழுவும் அப்படித்தான். அணித்தலைவராக இருக்கும் ஒருவர் அங்கே கட்சிக் காணொளியைப் பகிர்ந்தால், கீழே இருக்கும் பிள்ளை அதை எப்படி எடுத்துக்கொள்வான்? வாக்களிப்புக்கு முந்தைய நாளான பிரசார ஓய்வு நாளிலும் வாக்களிப்பு நாளிலும் எல்லாருக்கும் பொதுவான தடை ஒன்றும் உண்டு. அந்த நாள்களில் தேர்தல் விளம்பரம் வெளியிட்டால் 1,000 வெள்ளி வரை அபராதம், 12 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். காசு வாங்காமல், தனிப்பட்ட முறையில் ஒருவருக்கொருவர் இணையத்தில் சொல்லிக்கொள்ளும் அரசியல் கருத்துக்கு இதில் விலக்கு உண்டு.

நம் பிள்ளைகள் அமெரிக்கக் காணொளிகளைப் பார்த்துவிட்டு அந்த விதிகளை இங்கே பொருத்திப் பார்ப்பதும் நடக்கிறது. அங்கே தற்காப்புத் துறையின் 2008 ஆணைப்படி, பணியில் இருக்கும் வீரர் கட்சிக்கு நன்கொடை கொடுக்கலாம், சொந்தக் காரில் சிறிய கட்சி ஒட்டுத்தாள் ஒட்டலாம், சீருடை இல்லாமல் கூட்டத்தைப் பார்க்கலாம். மேடையில் பேசக் கூடாது, பிரசாரம் செய்யக் கூடாது. அது அவர்கள் ஊர்க் கணக்கு. இங்கே யாராவது உறுப்பினர் படிவத்தை நீட்டினால், கையெழுத்துப் போடும் முன் உங்கள் பிரிவில் ஆள்பல நிர்வாகத்தைப் பார்க்கும் எஸ்-ஒன் அலுவலகத்தில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாருக்கும் ஒரே அளவில் இந்தப் பாரம் இல்லை. நிரந்தர வீரருக்குத்தான் மிக அதிகம். நமது அரசமைப்புச் சட்டம் பொதுச் சேவைகளைப் பட்டியலிடும்போது முதலில் குறிப்பிடுவதே ஆயுதப் படையைத்தான். பொதுச் சேவையில் முழுநேரப் பதவி வகிப்பவர் நாடாளுமன்ற உறுப்பினராக இருக்க முடியாது. அதனால்தான் 1984இல் லீ சியன் லூங்கும், 2011இல் சான் சுன் சிங்கும் படையை விட்டு வந்த பிறகே போட்டியிட்டார்கள். முழுநேர தேசிய சேவையாளர், சம்பளத்துக்கு வேலை பார்ப்பவராக இல்லாவிட்டாலும், அந்த இரண்டு ஆண்டும் ராணுவச் சட்டத்தின் கீழ்தான் இருக்கிறார். முழுநேர சேவையை முடித்துவிட்ட போர்க்காலப் படைவீரரின் நிலை வேறு. ஐசிடி எனும் முகாம் பயிற்சிக்கு அழைக்கப்பட்ட நாள்களில் அவர் வீரர். மற்ற நாள்களில் சாதாரணக் குடிமகன். கட்சியில் சேரலாம், வீடு வீடாகப் போகலாம், தேர்தலில் நிற்கலாம். அலமாரியில் தொங்கும் சீருடையை மட்டும் பிரசாரத்துக்கு எடுத்துவிடக் கூடாது.

இந்த இடத்தில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. படையை விட்டு வந்தால் போதும், எத்தனை நாள் கழித்து அரசியலுக்கு வரலாம் என்பதற்குச் சட்டத்தில் இடைவெளி கிடையாது. 2025 மார்ச்சில் தரைப்படைத் தலைவர் பொறுப்பை ஒப்படைத்த டேவிட் நியோ, மே 3ஆம் தேதி தேர்தலில் தெம்பனிஸ் குழுத்தொகுதியில் ஆளும் கட்சி சார்பில் நின்று வென்றார். விதிப்படி அதில் எந்தத் தவறும் இல்லை. ஆனால் இஸ்ரேலில் மூத்த ராணுவ அதிகாரிகள் மூன்று ஆண்டு காத்திருக்க வேண்டும். நம் ஊரிலும் ஓராண்டாவது இருந்தால், சாதாரண வீரனிடம் நாம் கேட்கும் கட்டுப்பாட்டுக்குக் கூடுதல் மதிப்பு வரும் என்பது என் கருத்து.

எதற்கு இவ்வளவு கட்டுப்பாடு என்று கேட்கும் பிள்ளைகளுக்கு அக்கம்பக்கத்தைக் காட்டலாம். 2014இல் தாய்லாந்தில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. 2021 பிப்ரவரி 1ஆம் தேதி மியன்மாரில் அதேதான் நடந்தது. இந்தோனேசியாவில் சுகார்த்தோ காலத்தில் படைக்கு நாடாளுமன்றத்திலேயே இடம் ஒதுக்கியிருந்தார்கள். நம் வீரர்கள் எடுக்கும் உறுதிமொழியில் பிரதமரும் இல்லை, எந்தக் கட்சியும் இல்லை. அதிபருக்கும் சிங்கப்பூர்க் குடியரசுக்கும் விசுவாசமாக இருப்போம், அரசமைப்புச் சட்டத்தைக் காப்போம் என்றுதான் சொல்கிறார்கள். அந்த அதிபரும் வேட்புமனுத் தாக்கலின்போது எந்தக் கட்சியிலும் உறுப்பினராக இருக்கக் கூடாது. தர்மன் சண்முகரத்னம் 2023இல் மக்கள் செயல் கட்சியிலிருந்து விலகிய பிறகே அதிபர் தேர்தலில் நின்றார்.

அப்புறம், அம்மாக்கள் அடிக்கடி கேட்பது: வாக்களிப்பு நாளன்று பையன் ஆஸ்திரேலியாவில் பயிற்சியில் இருந்தால்? முன்கூட்டியே வெளிநாட்டு வாக்காளராகப் பதிந்திருந்தால், அங்கே ஒதுக்கப்பட்ட நிலையத்திலோ, 2023 முதல் அஞ்சல் வழியாகவோ வாக்களிக்கலாம். பதியாமல் போயிருந்தால் பதிவேட்டிலிருந்து பெயர் நீக்கப்படும். பதறத் தேவையில்லை. தேர்தல் துறை இணையப் பக்கத்தில் விண்ணப்பித்து, வெளிநாட்டில் கடமையில் இருந்ததைக் காரணமாகச் சொன்னால் கட்டணமில்லாமல் பெயரைத் திரும்பச் சேர்ப்பார்கள். தகுந்த காரணம் இல்லாதவர்கள் 50 வெள்ளி கட்ட வேண்டும். இதை அடுத்த தேர்தல் அறிவிப்பு வரும்வரை தள்ளிப்போடாதீர்கள், தேர்தல் ஆணை வெளியான பிறகு அந்தத் தேர்தலுக்குப் பெயர் சேர்க்க முடியாது.