ஜப்தி: பிடித்து வைப்பதா, பிடுங்கிக்கொள்வதா?

ஜப்தி என்றதும் அண்டா குண்டாவை வண்டியில் ஏற்றிக்கொண்டு போகும் கோர்ட் அமீனாதான் பலருக்கும் நினைவுக்கு வருவார். சொல்லின் வேர் அவ்வளவு முரட்டுத்தனமானதல்ல. அரபியில் ‘ளப்த்’ என்றால் இறுக்கிப் பிடித்தல், கட்டுக்குள் வைத்தல். பாரசீகம், உருது வழியாக ‘ஸப்தி’ என்று வந்து தமிழில் ஜப்தி ஆனது. அக்பர் காலத்தில் நிலத்தை அளந்து வரி விதித்த முறைக்கும் ஸப்தி என்றே பெயர். (அமீனாவின் மூலமான அரபுச் சொல்லுக்கு ‘நம்பிக்கைக்குரியவர்’ என்று பொருள். வாசலில் அவரைப் பார்த்தவர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.)

செய்திகளில் ஜப்தியையும் பறிமுதலையும் மாற்றி மாற்றி எழுதுகிறார்கள். பறிமுதலானால் சொத்து கைவிட்டுப் போய்விட்டது. ஜப்தியில் உரிமை இன்னும் கடனாளியிடமே இருக்கிறது. விற்கவோ தானமாகக் கொடுக்கவோ அடமானம் வைக்கவோதான் முடியாது. அதனால் சட்டத்தமிழில் வழங்கும் ‘பற்றுகை’ என்ற சொல் கச்சிதமானது. அரபு வேரும் பற்றுவதுதான், தமிழ் வேரும் பற்றுவதுதான்.

நடைமுறையைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். அசையும் பொருளை அமீனா நேரில் வந்து கைப்பற்றுவார். வீடு, நிலமென்றால் எதையும் தூக்குவதில்லை. ‘இதை யாருக்கும் மாற்றக்கூடாது’ என்ற உத்தரவைத் தண்டோரா போட்டோ வழக்கமான வேறு முறையிலோ அறிவித்து, நகலை சொத்தின் கண்ணில் படும் இடத்திலும் கோர்ட்டிலும் ஒட்டுவார்கள். அதை மீறிச் செய்யும் கிரயம் டிக்ரி (கோர்ட்டின் தீர்ப்பாணை) வாங்கியவரைக் கட்டுப்படுத்தாது. ஏலம் அதற்குப் பிந்திய கட்டம்.

எதையெல்லாம் பற்றக்கூடாது என்பதை 1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60ஆவது பிரிவு சொல்கிறது. உடுக்கும் துணி, சமையல் பாத்திரம், படுக்கை, மத வழக்கப்படி பெண் கழற்றக்கூடாத நகை, தொழிலாளியின் கருவிகள், விவசாயியின் ஏர், மாடு, விதை நெல், அவர் குடியிருக்கும் வீடு ஆகியவை அந்தப் பட்டியலில் வருகின்றன. ஆக, அண்டாவைத் தூக்கும் காட்சிக்கு சட்டத்தில் இடமில்லை. பி.எஃப்., பி.பி.எஃப்., ஆயுள் காப்பீட்டுத் தொகைக்கும் இதே பாதுகாப்பு உண்டு. சம்பளத்தில் முதல் 1,000 ரூபாயையும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கையும் தொடக்கூடாது: 31,000 ரூபாய் வாங்குபவரிடம் மாதம் 10,000 ரூபாய்தான் பிடிக்கலாம், அதுவும் ஒரே டிக்ரிக்கு மொத்தம் 24 மாதங்கள் வரைதான். ஜீவனாம்ச டிக்ரிக்குக் கணக்கு வேறு. அதில் மூன்றில் ஒரு பங்குதான் தப்பும். ‘இந்த விலக்கு எனக்கு வேண்டாம்’ என்று கடன் பத்திரத்தில் எழுதி வாங்கியிருந்தாலும் செல்லாது. கையெழுத்துப் போட்டுவிட்டோமே என்று வாயடைத்து நிற்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய விதி இது.

இந்தப் பட்டியலைத் தவிர, முன்கூட்டியே வேலி போடவும் வழிகள் உண்டு. 1874ஆம் ஆண்டின் திருமணமான பெண்கள் சொத்துச் சட்டத்தின் கீழ், மனைவி மக்களின் நன்மைக்கென்று குறிப்பிட்டு எடுத்த பாலிசி அவர்களுக்கான டிரஸ்ட் சொத்தாகிவிடும். கணவரின் கடன்காரர் அதைத் தொட முடியாது. வெறுமனே நாமினி பெயர் எழுதுவது இதற்கு ஈடாகாது. தொழிலை எல்.எல்.பி.யாகவோ (கூட்டாளிகளின் பொறுப்புக்கு வரம்புள்ள கூட்டு நிறுவனம்) கம்பெனியாகவோ நடத்தினால் தொழில் கடன் பொதுவாக வீட்டுக்குள் வராது. ஆனால் வங்கி கேட்கும் தனிநபர் ஜாமீனில் கையெழுத்திட்ட அன்றே அந்த வேலி விழுந்துவிடும்.

வக்கீல் நோட்டீஸ் வந்தபின் வீட்டை மச்சான் பெயருக்கு எழுதுவதுதான் ஊரில் அதிகம் நடப்பது. இருப்பதிலேயே மோசமான வழியும் அதுதான். கடன்காரரை ஏய்க்கச் செய்த மாற்றம் என்று நிரூபித்தால், 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டம் 53ஆவது பிரிவின்படி அவர் அதை ரத்துசெய்யக் கேட்கலாம். அப்படி மாற்றப் பார்க்கிறார் என்று வழக்கின் நடுவிலேயே தெரிந்தால், தீர்ப்புக்கு முன்பே பற்றுகை உத்தரவு வாங்கவும் வழி உண்டு.