எலி வளைக்குள் நுழையும் ஆள்

நாகர்கோவிலுக்குப் பெயரே நாகராஜா கோவிலால் வந்தது. கருவறைக்கு இன்றும் ஓலைக்கூரைதான். ஆவணி ஞாயிற்றுக்கிழமைகளில் நாகர் சிலைகளுக்குப் பாலும் மஞ்சளும் கொண்டு வரிசையில் நிற்போம். அன்று சாயங்காலமே வீட்டு விளையில் ஒரு சாரை குறுக்கே போனால் கம்பைத் தேடுகிறவர்களும் நாம்தான்.

சாரை பகலில் இரை தேடும், ஆறடிக்கு மேலும் வளரும். அதனால் சீக்கிரம் கண்ணில் பட்டு அடி வாங்குகிறது. ஆளைக் கொல்லும் விஷம் அதனிடம் கிடையாது. போதாததற்கு, நல்லபாம்புக்கு ஜோடி சாரைதான் என்று ஒரு கதை வேறு. இரண்டு பாம்பு பின்னிக்கொண்டு எழும்பி நின்றால் ‘சாரையும் நாகமும் பிணையுது’ என்போம். உண்மையில் அவை இரண்டுமே ஆண் சாரைகள். பெட்டைக்காக மல்லுக்கட்டுகின்றன, ஒன்றின் தலையை மற்றது தரையோடு அழுத்தப் பார்க்கும், தோற்றது விலகிப் போய்விடும். அப்படிப் பிணைந்து நிற்கும் பாம்புகள்மேல் புதுத்துணி போட்டால் யோகம் என்று எறிந்தவர்களும் உண்டு. துணி போனதுதான் மிச்சம்.

கன்னிப்பூவோ கும்பப்பூவோ, எந்தப் போக நெல்லானாலும் கதிர் முற்றும் நேரத்தில் வரப்பைப் பாருங்கள். வயலெலி தாளை அடியில் கடித்துச் சாய்த்து, கதிரை வளைக்குள் இழுத்துச் சேர்த்து வைக்கும். வெளியே வரும் எலியைப் பூனையும் ஆந்தையும் பிடிக்கும். வளைக்குள் கண் திறக்காமல் கிடக்கும் குட்டிகளை என்ன செய்வது? அங்கே நுழைய வாகான உடம்பு பாம்புக்குத்தான்.

இருட்டில் வழிகாட்டுவது நாக்கு. காற்றிலும் மண்ணிலும் படிந்திருக்கும் வாசனைத் துகள்களை அது ஒற்றி எடுத்து உள்ளே போகும். அண்ணத்தில் உள்ள ஜேக்கப்சன் உறுப்பு அதை மோப்பம் பிடிக்கும். நுனி இரண்டாகப் பிளந்திருப்பதால் எந்தப் பக்கம் வாசனை கூடுதல் என்று தெரிந்துவிடும், எலி போன திசையும் பிடிபடும். நம்மை மிரட்ட நாக்கை நீட்டுவதாக நினைப்பது நம் பயம். கீழ்த்தாடையின் இரண்டு பாதிகளும் முன்னால் எலும்பாக ஒட்டாமல், நெகிழும் நாரால் இணைந்திருக்கின்றன. தலையைவிடப் பருத்த எலியும் உள்ளே போவது அப்படித்தான். சாரை தவளையும் தின்னும், சமயத்தில் கோழிக்குஞ்சும் தின்னும், அதை மறைப்பானேன்.

எலி பெருத்த இடத்துக்கு நல்லபாம்பும் கண்ணாடி விரியனும் தேடி வரும். சாரையை அடித்துவிட்டு, சுவரோரம் தேங்காய் உரித்த கதம்பைக் குவியலையும் விறகையும் அப்படியே விட்டால் வேறென்ன நடக்கும்?

பயத்திலும் நியாயம் உண்டு. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் சுமார் 12 லட்சம் பேர் இறந்திருப்பதாக ஓர் ஆய்வு கணக்கிட்டது. கட்டுவிரியன் இரவில், தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும். வலி பெரிதாகத் தெரியாது. பாயின் அடியில் செருகிய கொசுவலை அதற்கு நல்ல தடுப்பு. கடிபட்டால் கீறுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். நம் நாட்டு விஷமுறிவு மருந்து நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கின் விஷத்துக்கானது. மலையோரக் காட்டிலும் ரப்பர் தோட்டத்துச் சருகிலும் கிடக்கும், மூக்கு மேல்தூக்கிய குழிவிரியனுக்கு அது உதவாது. விடியும் முன் பால்வெட்டப் போகிறவர்களுக்கு விளக்கும் முழங்கால் வரை பூட்ஸும் வேண்டியது இதனால்தான்.

எங்கள் வீட்டில் இந்த வருஷம் கதம்பையைச் சுவரை விட்டுத் தள்ளிப் போட்டோம். சாரை இப்போதும் வருகிறது, பதினொரு மணி வாக்கில், கிணற்றோரமாக.