மறுநாள் தலைவலிதானே என்று படுத்துவிடாதீர்கள்

அந்த இளைஞர் விமான நிலையத்திலிருந்து நேராக எங்கள் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்தார். நண்பர்களோடு வெளிநாட்டுச் சுற்றுலா போய்த் திரும்பியவர். "எல்லாம் பனிமூட்டத்துக்குள்ள இருக்கிற மாதிரி தெரியுது டாக்டர்" என்றார். கூடவே வாந்தி, வயிற்று வலி. மாடிப்படி ஏறி ஓடி வந்தவரைப் போல மூச்சு ஆழமாகவும் வேகமாகவும் இழுத்துக்கொண்டிருந்தது. நுரையீரலில் ஒரு குறையும் இல்லை. ரத்தத்தில்தான் அமிலம் எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. அதை வெளியேற்றத்தான் உடம்பு அப்படி மூச்சு வாங்கியது. கடைசியாக எப்போது குடித்தீர்கள் என்று கேட்டேன். "முந்தாநாள் ராத்திரி. நேத்து லேசா தலைவலி, அவ்வளவுதான்" என்றார்.

அந்த "அவ்வளவுதான்" பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

போலி மதுவில் உயிரைக் குடிப்பது பெரும்பாலும் மெத்தனால். பெயின்ட், கரைப்பான், எரிபொருள் தொழில்களில் பயன்படும் ஒருவகை ஆல்கஹால் அது. மதுவில் இருக்க வேண்டியது எத்தனால். இரண்டுக்கும் நிறம் கிடையாது. மணத்தை வைத்தோ சுவையை வைத்தோ பிரித்தறிய முடியாது. இரண்டும் போதை தரும். மெத்தனால் மலிவு என்பதால் காசு பார்க்க நினைப்பவர்கள் கலந்துவிடுகிறார்கள். வீட்டுச் சாராயம் சரியாகக் காய்ச்சாததால் வரும் பிரச்சினை என்று பலர் நினைக்கிறார்கள். பெரிய அளவில் உயிர் போகும் சம்பவங்களில் பெரும்பாலும் யாரோ தெரிந்தே கலந்திருக்கிறார்கள். 10 மி.லி. சுத்த மெத்தனாலே பார்வையைப் பறித்துவிடலாம். 30 மி.லி. அளவில் உயிரே போகலாம்.

குடித்த உடனே மெத்தனால் பெரிய கேடு செய்வதில்லை. கல்லீரல் அதை உடைக்கத் தொடங்கும்போதுதான் வினை ஆரம்பம். முதலில் ஃபார்மால்டிஹைடாகவும் பிறகு ஃபார்மிக் அமிலமாகவும் மாறுகிறது. செல்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் வழியையே இந்த அமிலம் அடைத்துவிடும். அதை எளிதில் தாங்க முடியாத கண் நரம்பும் மூளையின் உட்பகுதிகளும் மோசமாக அடிவாங்கும். அமிலம் இப்படிச் சேர பெரும்பாலும் 12 முதல் 24 மணி நேரம் ஆகும். எத்தனாலும் சேர்ந்து உள்ளே போயிருந்தால் இன்னும் தள்ளிப்போகும்; மூன்று நாள்கூட ஆகலாம். அதுவரை ஆள் சாப்பிடுவார், ஊர் சுற்றுவார், போட்டோ எடுப்பார், விமானமும் ஏறிவிடுவார்.

சாதாரணமாகக் குடித்த மறுநாள் வரும் தலைவலியும் குமட்டலும் நேரம் போகப் போகக் குறையும். மெத்தனாலில் நேர்மாறு. காலையில் சுமாராக இருந்தவர் சாயங்காலம் மோசமாவார். தேறிவிட்டார் என்று நினைத்தவருக்கு மறுபடி வாந்தி வரும். கண் மங்குவது, வெளிச்சம் கூசுவது, பார்வையில் வெள்ளைப் படலம் விழுவது, மூச்சு வாங்குவது என்று ஏதாவது ஒன்று வந்தாலே போதும், தூங்கினால் சரியாகிவிடும் என்று படுக்காதீர்கள்.

2024 நவம்பரில் லாவோஸ் நாட்டின் வாங் வியெங்கில் ஆறு வெளிநாட்டுப் பயணிகள் மெத்தனால் நஞ்சு என்று சந்தேகிக்கப்பட்ட சம்பவத்தில் இறந்தார்கள். அவர்களில் இருவர் 19 வயது ஆஸ்திரேலியப் பெண்கள். ஏழை நாடுகளில்தான் இப்படி நடக்கும் என்று யாரும் எண்ண வேண்டாம். செக் குடியரசில் 2012இல் போலி மதுவால் பலர் இறந்தபோது, 20 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் உள்ள மது வகைகளின் விற்பனையையே அரசு நாடு முழுக்க நிறுத்தி வைத்தது. 2025இல் பிரேசிலின் சாவ் பாவ்லோவில் மெத்தனால் கலந்த மதுவால் உயிர்கள் போயின. கண்ணியமான இடம், பளபளப்பான பார் என்பதெல்லாம் உத்தரவாதம் ஆகாது. அசல் பிராண்ட் பாட்டிலையே கழுவி மறுபடி நிரப்புகிறார்கள்.

குடிப்பவர்களிடம் நான் சொல்வது இதுதான். வோட்கா, ஜின், ரம், விஸ்கி போன்ற காய்ச்சி வடித்த மதுவில்தான் ஆபத்து அதிகம். அவை கலந்த காக்டெயிலில் பழச்சாறும் சர்க்கரையும் எல்லாவற்றையும் மறைத்துவிடும். வாளியில் கலந்து தருவது, இலவசமாக ஊற்றித் தருவது, லேபிள் இல்லாத உள்ளூர்ச் சரக்கு, நம்ப முடியாத விலைக்குக் கிடைப்பது எதையும் தொடாதீர்கள். மூடி உடையாத பீர், ஒயினில் ஆபத்து குறைவு. கொளுத்திப் பார்த்து நீலமாக எரிந்தால் நல்ல சரக்கு என்றொரு நம்பிக்கை சுற்றிவருகிறது. அதை நம்பி ஒரு வாய்கூடக் குடிக்காதீர்கள். நாக்காலும் மூக்காலும் கண்டுபிடிக்க முடியாத ஒன்றை நெருப்பும் காட்டிக்கொடுக்காது.

சந்தேகம் வந்துவிட்டால் நேரம்தான் எல்லாம். பெரிய மருத்துவமனைக்கு, முடிந்தால் டயாலிசிஸ் வசதி உள்ள இடத்துக்குப் போங்கள். அங்கே "மெத்தனாலாக இருக்குமோ என்று பயப்படுகிறேன்" என்று நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்கள். மெத்தனாலை நேரடியாக அளக்கும் பரிசோதனை எல்லா ஊரிலும் கிடைக்காது. நீங்கள் சொல்லாவிட்டால் உணவு ஒவ்வாமை, குடிபோதை என்று குளுக்கோஸ் ஏற்றி அனுப்பிவிடக் கூடும். குடித்ததை ஒத்துக்கொள்ள வெட்கப்பட்டோ, வீட்டுக்குத் தெரிந்துவிடும் என்று பயந்தோ மறைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து மறைக்காதீர்கள். எங்களுக்கு வேண்டியது என்ன, எப்போது, எவ்வளவு குடித்தீர்கள் என்ற விவரம் மட்டுமே. பாட்டில் கையில் இருந்தால் அதையும் கொண்டுபோங்கள்.

சிகிச்சை உண்டு. ஃபோமெபிசோல் என்ற நச்சு முறிவு மருந்து, கல்லீரல் மெத்தனாலை அமிலமாக மாற்றுவதைத் தடுக்கும். அது இல்லாத இடங்களில் சுத்தமான எத்தனாலையே அளந்து கொடுக்கிறோம். கல்லீரல் எத்தனாலுக்கே முன்னுரிமை தருவதால் மெத்தனால் காத்திருக்கும். அதற்குள் டயாலிசிஸ் மூலம் நஞ்சையும் அமிலத்தையும் வெளியேற்றிவிடலாம். இதை அறையில் உட்கார்ந்து நீங்களே செய்யும் வைத்தியமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அந்த இளைஞருக்கு டயாலிசிஸ் தொடங்கியதும் நான் கேட்ட அடுத்த கேள்வி, "அதே பாட்டிலில் வேறு யார் குடித்தார்கள்?" ஒரே ஒரு நண்பர். விமான நிலையத்திலிருந்து வீட்டுக்குப் போய்விட்டவர். போனில் பிடித்தோம். "எனக்கு ஒண்ணும் இல்லையே, நல்லாதானே இருக்கேன்" என்றார். மறுநாள் முழுக்க பீர் குடித்துக்கொண்டிருந்தாராம். அந்த பீரில் இருந்த எத்தனால்தான் நஞ்சைத் தள்ளிப்போட்டிருந்தது. வற்புறுத்தி வரவழைத்தோம். ரத்தத்தில் அமிலம் அப்போதுதான் ஏறத் தொடங்கியிருந்தது. அன்றிரவே அவருக்கும் டயாலிசிஸ் செய்தோம்.

அவருக்கு இன்று பார்வை முழுதாக இருக்கிறது. முதலில் வந்தவருக்கு ஒரு கண்ணில் வெளிச்சம் மட்டும் தெரிகிறது.